வில்லில் பாடப்படும் மரணம்

அன்பு மருமகனுக்கு,

 

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில், பட்டவராயன் சந்நிதிக்குத் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துவது ஏன் என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு விடை காண, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் வழங்கும் வில்லுப்பாட்டு மரபைத்தான் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வேட்டைக்குப் போனவர்கள் இளைப்பாறும் நேரத்தில் வில்லின் நாணைத் தட்டிப் பாடியதிலிருந்து இக்கலை பிறந்தது என்று சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கும் அக்கதைக்குச் சான்று குறைவு. வளைந்த நீண்ட வில், அதில் வரிசையாகக் கட்டிய மணிகள், நாணில் அடிக்கும் வீசுகோல், வில்லைத் தாங்கி நிற்கும் மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை இதன் கருவிகள். கதையை நடத்திச் செல்லும் தலைமைப் பாடகரும் அவர் பக்கத்தில் துணை நிற்போரும் வலத்தே பாடுபவர் எனவும், அடிகளை வாங்கித் திரும்பப் பாடி, ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவோர் இடத்தே பாடுபவர் எனவும் அழைக்கப்படுவர்.

இக்கலையின் இயல்பான இடம் கொடை விழா, அதாவது ஊராரோ ஒரு குடும்பத்தாரோ வரி பிரித்துத் தங்கள் தெய்வத்துக்கு எடுக்கும் விழா. பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளை ஒட்டி நடக்கும் இவ்விழாவில் முதல் நாள் இரவு தெய்வத்தை வரவழைக்கும் குடியழைப்பும், மறுநாள் மதியக் கொடையும், நள்ளிரவில் சாமக் கொடையும் நடைபெறும். வில்லுப்பாட்டு இவற்றுக்கு இடையே பொழுதுபோக்காக வைக்கப்படுவதன்று. காப்பு விருத்தம், வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் என முறையாகத் தொடங்கும் பாடல், எந்தப் பூசைக்கு முன் கதையின் எந்தப் பகுதி முடிய வேண்டும் என்ற கணக்கோடு நகர்கிறது. தெய்வம் கொல்லப்படும் கட்டம் நெருங்கும்போது தாளம் விரைந்து, உடுக்கையும் குடமும் ஒன்றாக முழங்க, தெய்வத்தைப் பெயர் சொல்லி அழைக்கும் வரத்துப் பாடப்படும். அப்போது கோமரத்தாடிக்கு, அதாவது அத்தெய்வத்துக்கென்று உரிமை பெற்ற சாமியாடிக்கு, அருள் வரும். கோயிலில் கூடியிருப்போர் அவரிடம் குறி கேட்டு, திருநீறு வாங்கிக்கொள்வர்.

இங்குப் பாடப்படும் தெய்வங்கள் இரு வகையினர். சாஸ்தா, முத்தாரம்மன், சுடலைமாடன் போன்றோர் கயிலையில் அல்லது வேள்வித் தீயில் பிறந்து மண்ணுலகுக்கு வந்தவர்கள். மற்றவர்கள் மனிதராகப் பிறந்து, வயது முதிராமல், பெரும்பாலும் வஞ்சகமாகக் கொல்லப்பட்டவர்கள். வெட்டுப்பட்ட வாதை என்று மக்கள் இவர்களைக் குறிப்பிடுவர். இவ்விரு வகையையும் கள ஆய்வு செய்து 1988இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இம்மரபின் சடங்கு வலிமை சாவைப் பாடும் கதைகளிலேயே திரண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். கொடை விழாவைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பட்டவராயன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். முத்துப்பட்டன் என்னும் பெயருடைய இவர், கதைப்படி, பிராமணக் குடும்பத்தில் பிறந்து, அண்ணன்மாரோடு மனம் வேறுபட்டுப் பிரிந்து சென்றவர். ஊர் திரும்பும் வழியில் மாடு மேய்த்துத் தோல்தொழில் செய்த சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரையும் கண்டு மணம் கேட்டார். மேல்சாதிக்காரர் விளையாட்டாகக் கேட்கிறார் என்று அஞ்சிய தந்தை, பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்று வந்தால் பெண் தருவதாக விதித்த நிபந்தனையை அவர் மறுக்காமல் நிறைவேற்றினார். மணம் முடிந்த இரவிலேயே, மாட்டுக் கிடையைக் கள்வர் வளைத்தனர் என்ற செய்தி கேட்டுப் புறப்பட்டு, அவர்களை விரட்டிய பின், ஒளிந்திருந்த ஒருவனின் குத்துக்கு இரையானார். மனைவியர் இருவரும் அவரது சிதையில் தீப்பாய்ந்தனர். செருப்புத் தைத்தவருக்குச் செருப்பே காணிக்கையாவது இயல்புதான். காணிக்கையிட்ட செருப்புகள் நாளடைவில் தேய்ந்திருப்பதைக் காட்டி, பட்டவராயன் அவற்றை அணிந்து காட்டில் காவல் சுற்றுகிறார் என்று அடியார்கள் நம்புகின்றனர்.

இக்கதையை 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பித்த நா. வானமாமலை, அவ்விரு பெண்களும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள் என்றும், காட்டில் கைவிடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்றும் கூறும் வடிவம் ஒன்று வழங்குவதைச் சுட்டி, அது பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது என்று வாதிட்டார். அவர் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏனெனில் பெண்கள் பிராமணராயின் தந்தையின் அச்சத்துக்கும், பூணூல் களைதலுக்கும், செருப்புக்கும் கதையில் வேலையே இல்லாமல் போகும். கொலையுண்டவரைத் தெய்வமாக ஏற்றுக்கொண்ட சமூகம், அவர் செய்த மணத்தை ஏற்க மட்டும் தயங்கியதன் தடம் இது.

இருபதாம் நூற்றாண்டில் நாகர்கோவிலைச் சேர்ந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் வரலாற்றை வில்லில் பாடினார். அவருக்குப் பின் சுப்பு ஆறுமுகம் இதை நகர மேடைகளுக்கும் வானொலிக்கும் உரிய கலையாக்கி, 2021இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் அறிந்திருப்பது இந்த மேடை வடிவத்தையே. அது நகைச்சுவையும் அறிவுரையும் கலந்த நல்ல கலைதான் என்றாலும், அங்கே கோமரத்தாடி இல்லாததால், கதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. கோயில் வில்லிலும் மாற்றங்கள் உண்டு. ஆண்கள் மிகுந்திருந்த இத்துறையில் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிப் பாடிய கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி 2018இல் மறைந்தார். இன்று பெண்கள் நடத்தும் குழுக்கள் பல உள்ளன. விடிய விடியப் பாடிய கதைகள் இப்போது சில மணி நேரத்துக்குள் சுருக்கப்படும்போது நாட்டு வளமும் அவையடக்கமும் முதலில் குறைகின்றன. சாவுக் கட்டத்தை மட்டும் எந்தக் குழுவும் குறைப்பதில்லை. குறைத்தால் அருள் வராது, அருள் வராவிட்டால் கொடை நிறைவுறாது என்பதில் வரி கொடுத்த ஊரார் உறுதியாக இருக்கின்றனர்.

அன்புடன்,
மாமா