மேலே போன அப்பா

பீர்க் கடைக்குப் பயபக்தியோடு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்!

கலிஃபோர்னியாவில் போர்ட்டோலா வேலி என்கிற ஊர். மலையடிவாரம், ஓக் மரங்கள், 1850-களில் ஆரம்பித்த ஆல்பைன் இன். அதன் பழைய பெயர்களில் ஒன்று ராசாட்டீஸ்.

"இன்டர்நெட் தலபுராணத்துல இது படைவீடு அத்தான்" என்று மைத்துனன் தோட்டத்து மர பெஞ்சில் உட்கார வைத்தான்.

1976 ஆகஸ்ட் 27. எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சிக்காரர்கள், ரொட்டி விற்கிற வண்டி மாதிரி ஒரு வேனை வெளியே நிறுத்தி, உள்ளே மேஜைக்கு ஒயர் இழுத்து, வாராந்திர ரிப்போர்ட்டை டைப் அடித்தார்கள். அது வேனிலிருந்து ரேடியோவில் கிளம்பி, மலை மேலிருந்த ரிலே வழியாகத் தாவி, ஆர்ப்பாநெட் என்ற கம்பி வலைக்குள் போய்ச் சேர்ந்தது. பணம் ராணுவத்துடையது. ஓடுகிற டாங்கிக்குப் பின்னாலேயே கம்பி இழுத்துக்கொண்டு ஓட முடியுமா? வண்டிக்கு வண்டி கைமாறித்தான் சேதி போகவேண்டும்.

"சரிப்பா, நடுவுல சிந்திட்டா?"

"சேதியைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு கூட்டுத்தொகை எழுதிடுவாங்க. வாங்கினவன் டோட்டல் சரிபார்த்து ரசீது அனுப்பணும். ரசீது வரலைன்னா மறுபடி அனுப்புவாங்க."

பி.காம். படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

1977 நவம்பர் 22-ல் அதே வேன் ஹைவேயில் ஓடிக்கொண்டே சேதி அனுப்பியது. சேரவேண்டிய இடம் சுமார் 400 மைல்தான். நார்வே, லண்டன், சாட்டிலைட் என்று 90 ஆயிரம் மைல் போலச் சுற்றிப் போனது (மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு டெல்லி வழியாக!). ஓர் எழுத்துகூடச் சிந்தவில்லை.

எனக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்தது. வெள்ளம். முடிச்சூரில் அப்பா தனியாக. இரண்டு நாளாகச் செல்போனுக்கு உயிரில்லை. படகில் ஏற மறுத்த அப்பா, படகுக்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்ப, அவர் டீக்கடையில் சொல்ல, டீக்கடைக்காரர் என் நண்பனிடம் சொல்ல, அவன் மூச்சிரைக்க என் வாசலில் வந்து நின்றான்.

"உங்கப்பா மேலே போயிட்டாராம்டா..."

இடுப்பளவுத் தண்ணீரில் அழுதுகொண்டே போனேன். மொட்டை மாடியில் பிஸ்கட் தின்றபடி அப்பா!

"ஏன்டா இப்படி நனைஞ்சுட்டு வர்றே?"

டவரே இல்லாமல் போனுக்குப் போன் தாவிச் சேதி கொண்டுபோகிற ஆப்கள் இன்று இருக்கின்றன. ஆனால் புளூடூத்துக்கு ரொம்பத் தூரம் தாண்டுகிற தெம்பு கிடையாது. நடுவில் வழிநெடுக ஏகப்பட்ட பேர் போனிலும் அதே ஆப் இருந்தால்தான் முடிச்சூர் சேதி மாம்பலம் வரும்.

மர பெஞ்சிலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கு மாடிக்குப் போறேன்னு தெளிவா சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"சொன்னேன்டா. நடுவுல எவனோ மாடியை முழுங்கிட்டான். அந்தப் படகுக்காரனைத் திருப்பிச் சொல்லுன்னு கேட்டிருக்கணும். விட்டுட்டேன்."

மைத்துனன் பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, போனுக்கு ஒரு கும்பிடு போட்டான்.