யாருடைய பிழை?

முதுமைக்கு மறதி இயல்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொல்லி, பிறருடைய பிழையையும் முதியோர் தலையிலேயே சுமத்திவிடுகிறோம் என்பதை என் வீட்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எனக்கு உணர்த்திற்று.

என் தாயாருக்கு வயது 79. நீண்ட காலமாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மாதந்தோறும் ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலே கொடுக்கும் குளிசைகளைக் கடதாசி உறைகளோடு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். குளிசை எடுத்ததும் தம் கொப்பியிலே ஒரு கோடு இடுவார். இது அவருடைய பழைய முறை.

என் மகன் கொழும்பிலே கைத்தொலைபேசிச் செயலிகளை வடிவமைக்கும் தொழில் புரிபவன். சென்ற தீபாவளிக்கு வந்தபோது, தானும் நண்பர்களும் ஆக்கிய செயலி ஒன்றை அப்பாச்சியின் தொலைபேசியில் ஏற்றிக்கொடுத்தான். நேரத்துக்கு மணி அடிக்கும், “மருந்து எடுத்தீர்களா?” என்று கேட்கும், விடையைப் பதிந்துகொள்ளும். “இனி அப்பாச்சிக்குக் கொப்பி எதற்கு?” என்று பெருமையோடு சொல்லிப் போனான்.

ஒரு மாலை நான் வீடு திரும்பியபோது அம்மா சாய்மனைக் கதிரையிலே வியர்த்து நனைந்து, கை நடுங்க, நாக் குழறக் கிடந்தார். பதறிப்போய்ச் சீனி கரைத்த நீரைப் பருகக் கொடுத்தேன். சற்றே தெளிந்தபின் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். நீரிழிவுக் குளிசையை ஒரே வேளையில் இருமுறை எடுத்திருந்தார். அதன் வேகம் நெடுநேரம் நிற்கக்கூடுமாதலால் அன்றிரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

“ஏனம்மா இரண்டு தரம் எடுத்தீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நான் அமத்தினனான் தம்பி. அது திரும்பத் திரும்ப மணி அடிச்சு, எடுக்கேல்லை எண்டு சொல்லிச்சுது. நான்தான் மறந்துபோனனாக்கும் எண்டு நினைச்சன். பிழை என்ரைதான்.”

தம் நினைவை அவர் நம்பவில்லை, இயந்திரத்தை நம்பினார். அந்தச் சொல் என் நெஞ்சை வருத்தியது.

செய்தி அறிந்த மகன் அடுத்த புகையிரதத்திலே வந்து சேர்ந்தான். கடிந்துகொள்ள எண்ணியிருந்த நான் அவன் முகத்தைக் கண்டு பேசாதிருந்தேன். அவன் அப்பாச்சிக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. தொலைபேசியை அவர் கையிலே கொடுத்து, அருகில் அமர்ந்து, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கண்டவை பல. தொடுதிரை நம் தோலின் மின்கடத்தும் இயல்பைக் கொண்டே தொடுகையை உணர்கிறது. முதுமையில் வரண்டுபோன விரல்நுனியை அது சில வேளை உணர்வதில்லை. உணரவில்லையென்று அம்மா அழுத்திப் பிடித்தால், அந்த நீண்ட தொடுகைக்கு வேறு பக்கம் திறந்தது. ‘எடுத்தேன்’, ‘பிறகு’ என்னும் இரு பொத்தான்களும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு பொத்தானுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றராவது வேண்டுமென்பது இத்தொழிலின் விதி. அவையோ அதிலும் சிறியன.

எழுத்தும் வெண்மையின்மேல் வெளிறிய சாம்பல் நிறம். இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதில் அடைகிறதாம். ஆங்கிலத்துக்கென அளந்த இடத்திலே தமிழைத் திணித்ததால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தது. இகரச் சுழியும் ஈகாரச் சுழியும் ஒன்றாய்த் தோன்றின. இளங்கண்கள் ஊகித்து வாசித்தவற்றை அம்மாவின் கண்கள் வாசிக்க மாட்டாமற் போயின.

“கொப்பியிலே பிழை வருவதில்லையே, எப்படி அப்பாச்சி?” என்று கேட்டான்.

“கோடு போட்டால் கோடு கிடக்கும் மோனை. எப்பவும் திருப்பிப் பாக்கலாம்.”

அவன் சிறிது நேரம் அந்தக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

சில கிழமைகளில் செயலி மாறி வந்தது. இப்போது ஒரு திரையில் ஒரே கேள்வி. பொத்தான்கள் பெரியன, மேலும் கீழுமாய் விலகி நிற்பன. நீண்ட நேரம் தொட்டாலும் தொடுகை தொடுகையே. தொட்டவுடன் கருவி அதிரும்; “காலைக் குளிசை எடுத்தாயிற்று, மணி 7.10” என்று கரிய பெரிய எழுத்து அன்று முழுதும் அழியாது நிற்கும். தவறித் தொட்டால் திருத்தலாம். யாவற்றிலும் மேலாக, பதில் கிடைக்காதபோது “எடுக்கவில்லை” என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. “எடுத்ததோ என்று ஐயமாயின் மறுபடி எடுக்கவேண்டாம், பெட்டியைப் பாருங்கள், வீட்டாரைக் கேளுங்கள்” என்கிறது. குளிசைகளும் இப்போது நாளுக்கொரு அறையுள்ள பெட்டியிலே இருக்கின்றன. வெறுமையான அறையே சாட்சி.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டு முதியவருக்கும் இத்தகைய செயலி ஒன்றை நீங்கள் ஏற்றிக் கொடுத்திருக்கலாம். ஒரு நாள் அருகில் அமர்ந்து அவர் அதனைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் “உங்களுக்கு விளங்காது” என்று வாங்கிக்கொள்ள வேண்டாம். அவர் ஏன் தடுமாறினார் என்று கேளுங்கள்.

என் தாயார் இப்போது பொத்தானை அச்சமின்றித் தொடுகிறார். தொட்டபின் கொப்பியிலும் ஒரு கோடு இடுகிறார். என் மகன் அதைத் தடுப்பதில்லை. சென்ற மாதம் கொப்பி முடியும் தறுவாயில் இருந்தது. புதிய கொப்பி ஒன்றை அவனே கொழும்பிலிருந்து வாங்கி வந்தான்.