தூக்குச்சட்டியோட ஒரு வாக்கிங்

உங்க அம்மா அப்பாகிட்ட "கொஞ்சம் வாக்கிங் போங்க"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? நீங்க டெல்டா பக்கம்னா என்ன பதில் வந்திருக்கும்னு எனக்குத் தெரியும். "வயக்காட்டுல பாக்காத வேலையா? இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" எங்க ஊர் ஒரத்தநாடு. எங்க வீட்டுலயும் இதே டயலாக்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பதில் சரி. நடவுன்னா காலையிலேர்ந்து சேத்துல குனிஞ்சே நிக்கணும். அப்புறம் களை எடுக்கணும், அறுக்கணும், கட்டு தூக்கணும், கதிர் அடிக்கணும். இப்போ நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். எங்க அம்மா வரப்புல நின்னு மெஷின்காரருக்கு டீ ஊத்திக் கொடுக்குறாங்க, அவ்வளவுதான். வேலை குறைஞ்சிடுச்சு, சோறு மட்டும் அதே மூணு வேளை. போன வருஷம் அம்மாவுக்கு சுகர்னு தெரிஞ்சுது. 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டுல வயசு வந்தவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. உங்க தெருவுல எண்ணிப் பாருங்க, நம்பிடுவீங்க.

அரசாங்கம் ஒண்ணும் பண்ணலையான்னா, பண்ணியிருக்கு. 2023 நவம்பர் 4-ஆம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் ஆரம்பிச்சாங்க. 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை, மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து நடக்கலாம், அங்கேயே மெடிக்கல் கேம்ப். நல்ல திட்டம்தான். ஆனா நடக்குறதுக்காக விடியக்காலையில பஸ் ஏறிப் போன்னு எங்க அம்மாகிட்ட சொன்னா, என்னை ஏற இறங்கப் பார்ப்பாங்க.

8 கிலோமீட்டர்னா ஏறக்குறைய 10,000 அடி. இந்த 10,000 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா? 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற கருவி ஒண்ணை வித்தாங்க. அதுக்கு வச்ச பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. 2019-ல அமெரிக்காவுல வயசான பெண்கள்கிட்ட பண்ண ஒரு ஆய்வுல, தினமும் 4,400 அடி நடந்தவங்களுக்கே இறப்பு விகிதம் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. 7,500-க்கு மேல பெருசா வித்தியாசம் இல்ல. இதை அம்மாகிட்ட சொன்னப்போதான் முதல் தடவையா காது கொடுத்துக் கேட்டாங்க. 4,400 அடின்னா எங்க வீட்டுலேர்ந்து புது ஆத்துக் கரைக்குப் போயிட்டுத் திரும்புற தூரம்தான்.

எனக்குப் பிடிச்ச உதாரணம் சென்னையில இருக்கு, ஏசியாட் காலனி. 90-கள் கடைசியில டாக்டர் மோகனோட ஆராய்ச்சிக் குழு அங்க சர்வே எடுத்தப்போ, வாரத்துல மூணு தடவைக்கு மேல உடற்பயிற்சி பண்ணவங்க 14.2 சதவீதம்தான். குழு அங்கேயே திரும்பத் திரும்பப் போய்ப் பேசுச்சு. அதுக்கப்புறம் காலனிக்காரங்களே சொந்தக் காசைப் போட்டு நடக்குறதுக்கு ஒரு பார்க் கட்டிக்கிட்டாங்க. 2004-ல மறுபடி பார்த்தா 58.7 சதவீதம்! பத்து வருஷக் கணக்குல அந்தக் காலனியில சர்க்கரை நோய் 12.4-லேர்ந்து 15.4 சதவீதம் ஆச்சு. அதே ஆய்வுல இருந்த இன்னொரு ஏழை மக்கள் பகுதியில 6.5-லேர்ந்து 15.3. பார்க் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், சாப்பாடு, வருமானம்னு ஆயிரம் இருக்கு. ஆனா வாசல்லயே நடக்க இடமும், கூட நடக்க பக்கத்து வீட்டுக்காரங்களும் இருந்தா மனுஷன் நடக்குறான். அந்த 58.7-ல எனக்குத் தெரியுறது அதுதான்.

எங்க ஊர்ல பார்க்கைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு. ஆம்பள காலையில நடந்தா 'வாக்கிங் போறாரு'. பொம்பள நடந்தா, "என்னக்கா, காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?" ஒரு தெருவுக்குள்ள நாலு தடவை இதே கேள்வி. "சும்மா நடக்குறேன்"னு சொல்ல அம்மாவுக்கு வாய் வரல. ரெண்டு நாள் போனாங்க, மூணாவது நாள் படுத்துட்டாங்க. எந்தத் திட்டத்துலயும் இந்தக் கேள்விக்கு மருந்து இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல.

மருந்தை அம்மாவே கண்டுபிடிச்சாங்க. வீட்டுக்கு வந்து ஊத்திட்டிருந்த பால்காரரை நிறுத்திட்டு, ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு, கரைப் பக்கம் மாடு வச்சிருக்கிற வீட்டுல போய் வாங்க ஆரம்பிச்சாங்க. இப்போ யார் கேட்டாலும் "பாலுக்கு"ன்னு ஒத்தை வார்த்தை. ஒரு வாரத்துல எதிர்வீட்டுப் பெரியம்மாவும் சேர்ந்துட்டாங்க. அப்புறம் மூணாவது ஒருத்தங்க, அவங்க வீட்டுலயே மாடு இருக்கு! "உங்களுக்கு எதுக்கு பாலு?"ன்னு அம்மா கேட்டதுக்கு, "எனக்கும் முட்டி வலி இருக்குல்ல"ன்னாங்களாம்.

ஐப்பசி மழையில கரை சேறாகி, ஒரு மாசத்துக்கு மேல நின்னுபோச்சு. அந்த மாசம் எடுத்த டெஸ்ட்ல சுகர் ஏறித்தான் இருந்துச்சு. மார்கழியில கோலம் போட்டு முடிச்ச கையோட திரும்ப ஆரம்பிச்சாங்க. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனப்போ ஆறு பேர், அதுல ரெண்டு பேர் கையில சட்டியே இல்ல. அப்பா மட்டும் தெருமுனை டீக்கடைக்கு இன்னமும் டிவிஎஸ் எக்ஸெல்லதான் போறாரு.