தலைவலிதானேன்னு விடாதீங்க!

செமஸ்டர் எக்ஸாம் ஹால். மூணாவது கேள்வியைப் படிக்கிறேன்... நடுவுல ஒரு வார்த்தையைக் காணோம்! பிரின்ட்டிங் மிஸ்டேக்னு நினைச்சு அடுத்த வரிக்குப் போனா, அங்கேயும் ஓட்டை. கொஞ்ச நேரத்துல அந்த ஓட்டையைச் சுத்தி வெல்டிங் பொறி மாதிரி ஒரு ஜிக்ஜாக் கோடு. மெதுவா விரிஞ்சுக்கிட்டே போய், இருபது நிமிஷத்துல மறைஞ்சுது. பின்னாடியே வந்துச்சு பாருங்க ஒரு தலைவலி... இடது பக்கம் டிரில்லிங் மெஷின் வெச்ச மாதிரி! பேப்பரைப் பாதியில கொடுத்துட்டு வாஷ்பேசினைத் தேடி ஓடினேன். (ரிசல்ட் என்னாச்சுன்னு மட்டும் கேட்காதீங்க, ப்ளீஸ்!)

ஹாஸ்டல்ல ஆளாளுக்கு டாக்டர் ஆனாங்க. 'கண்ணாடி போடு', 'நைட் செல்போனைப் பார்க்காதே', 'லவ் மேட்டரா?' இப்படி. லீவுக்கு ஊருக்குப் போனப்போ, அம்மாதான் நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க.

"வலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா?"ன்னு கேட்டாங்க டாக்டர். நான் கையால காத்துல ஜிக்ஜாக் வரைஞ்சு காட்டிட்டு இருந்தேன். பக்கத்துல இருந்து அம்மா மெதுவா சொன்னாங்க: "எனக்கும் இது வரும் டாக்டர். இருபது வருஷமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அம்மாவுக்குத் தலைவலி வரும்னு தெரியும். தைலம் தேய்ச்சு, தலையில துண்டைக் கட்டி, மெடிக்கல் ஷாப்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு, எழுந்து எங்களுக்குத் தோசை சுடுவாங்க. கண்ணுல தெரியுற வெளிச்சத்தைப் பத்தி ஒருநாளும் சொன்னதில்லை. "எல்லாருக்கும் வர்றதுதானேன்னு இருந்துட்டேன்"னாங்க.

டாக்டர் உடனே பி.பி. கருவியை எடுத்தாங்க. எனக்கில்லை... அம்மாவுக்கு! 160/100. கொஞ்சம் உட்கார வெச்சு மறுபடி பார்த்தாலும் கிட்டத்தட்ட அதேதான்.

தலைவலிக்கும் பி.பி.-க்கும் என்ன சம்பந்தம்? அந்த ஜிக்ஜாக்குக்குப் பேர் 'ஆரா'. மூளையோட மேற்பரப்புல ஒரு மின் அலை நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்துல ஊர்ந்து போறதுதான் காரணம். இந்த மாதிரி அலையை 1944-ல விளக்கினவர், பிரேசிலைச் சேர்ந்த லியாவோ.

ஆரா வர்றவங்களுக்கு ரத்தக் குழாய் விஷயத்துல எக்ஸ்ட்ரா கவனம் தேவை. அமெரிக்காவுல 45 வயசும் அதுக்கு மேலேயுமான 27,840 பெண்களைச் சராசரியா பத்து வருஷம் கவனிச்சு, 2006-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. மைக்ரேனே இல்லாதவங்களோட ஒப்பிட்டா, ஆராவோட மைக்ரேன் வர்றவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆரா இல்லாத மைக்ரேனுக்கு அந்த ஆய்வுல இப்படி அதிகரிப்பு தெரியலை.

'ரெண்டு மடங்கா!'ன்னு அலறாதீங்க. அதே ஆய்வுப்படி, ஆரா உள்ள 10,000 பெண்கள்ல வருஷத்துக்குக் கூடுதலா பாதிக்கப்பட்டவங்க 18 பேர்தான். ஆனா கூடவே பி.பி., சிகரெட், சர்க்கரைன்னு சேரும்போதுதான் சிக்கல். பசங்களா, அந்த டீக்கடை தம்மை இன்னியோட நிறுத்துங்க!

தோழிகளே, உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். பி.சி.ஓ.டி.-க்குக் கொடுக்குற சில ஹார்மோன் மாத்திரைகள்ல ஈஸ்ட்ரோஜன் இருக்கும். ஆராவோட அது சேர்ந்தா பக்கவாத ஆபத்து கூடும். அதனால மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடியே 'எனக்குக் கண்ணுல வெளிச்சம் வரும்'னு சொல்லிடுங்க. கூச்சப்பட ஒண்ணுமில்லை. ரூம்மேட்டோட மைக்ரேன் மாத்திரையைக் கடன் வாங்குறதும் வேண்டாம். அதுல சிலது ரத்தக் குழாயைச் சுருக்கும்.

இன்னொண்ணு. ஆரா மெதுவா விரியும். திடீர்னு வாய் கோணினா, ஒரு பக்கக் கை விழுந்தா, பேச்சு குழறினா, 'மைக்ரேன்தான்'னு படுத்துடாதீங்க. உடனே 108-க்கு போன் அடிங்க.

இப்போ அம்மா தினமும் பி.பி. மாத்திரை போடுறாங்க. அப்பளத்துக்குத் தடா! இருபது வருஷத்துல யாராவது ஒருத்தர் அம்மாகிட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். நானும்தான் கேட்கலை.

இன்னிக்கு நைட் உங்க அம்மா போன்ல "சாப்டியா?"ன்னு கேட்பாங்க. பதில் சொல்லிட்டு நீங்களும் ஒண்ணு கேளுங்களேன்: "தலை வலிக்கிறப்போ கண்ணுல ஏதாவது தெரியுதாம்மா?"