மகனுக்குப் பொருந்திய மாத்திரை

எங்கள் ஏனாத்தூர் வீட்டில் எது தொலைந்தாலும் திட்டு மகனுக்குத்தான். பள்ளி நாட்களில் அடித்தும் இருக்கிறேன். போன வருடம், அவனுடைய 41 வயதில், டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். பிறவியிலேயே வரும் கவனக் குறைபாடாம்; திமிர் இல்லை.

முதலில் மெத்தில்பெனிடேட் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்கிற மருந்து. போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை. கவனம் நின்றது, ஆனால் பசி போயிற்று, நெஞ்சு படபடத்தது. டாக்டர் அடோமாக்ஸிடினுக்கு மாற்றினார். இது பலன் காட்டவே சில வாரம் ஆகும்.

மூன்றாவது வாரம், "நிறுத்திடட்டுமாப்பா?" என்றான்.

"டாக்டரைக் கேக்காம நிறுத்தாதேப்பா. இன்னும் கொஞ்ச நாள் பாரு" என்றேன். அவனிடம் நான் பொறுமையாகப் பேசியது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

இரண்டு மாதம் கழித்து என் பென்ஷன் காகிதங்களை ஒரே உட்காரலில் அடுக்கி முடித்தான். "உன்னை அடிச்சிருக்கக் கூடாதுடா" என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போனான்.

இது குடும்பத்தில் தொடர்ந்து வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் முழுக்க என் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். அது சட்டைப் பையிலேயே இருந்தது.