சூடு ஆறாத கறி

எங்க ஐயா வலை கட்டி முயல் பிடிச்சதை சின்ன வயசுல பார்த்திருக்கேன். 1972-லயே வனவிலங்குச் சட்டம் வந்துருச்சு. ஆனா அது எங்க ஊருக்கு வந்து சேர ரொம்ப நாளாச்சு. இப்போ முயலைத் தொட்டா கேஸ்தான், யாரும் தொடவும் வேண்டாம். வேட்டை போச்சு. ஐயா கறியைக் கையாண்ட முறை மட்டும் மனசுல நிக்குது.

முயலைக் காட்டுலயே வயித்தைக் கீறி குடலை எடுத்துருவார். குடல் உள்ள கிடந்தா கறி சீக்கிரம் நாறிப்போகும். பித்தப்பை உடையாம எடுக்கணும், உடைஞ்சா அந்த இடமெல்லாம் கசப்பு. அப்புறம் வேப்பமர நிழல்ல தொங்கவிடுவார். நாங்க பசியோட சுத்தி நிப்போம். "உடம்புச் சூடு இறங்கட்டும்டா" என்பார். அதுவரைக்கும் மூடி வைக்க விடமாட்டார்.

மிஞ்சுனது உப்புக்கண்டம். எலும்பு நீக்கி, விரல் தண்டிக்கு நீளமா அரிஞ்சு, கல் உப்பும் மஞ்சளும் அரைச்சுப் பிசறி, ஒரு ராத்திரி ஊறவச்சு அம்மா கொடியில கோத்துக் கட்டும். ஈ அண்டாம மேல மெல்லிசு வேட்டித்துணி. பனி இறங்குறதுக்குள்ள எடுத்து உள்ள வச்சுரும். நாலு நல்ல வெயில் வேணும். மானம் மூட்டமா இருந்தா கண்டம் போடவே போடாது. ஒடிச்சா படக்குனு ஒடியணும், வளைஞ்சா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

இவ்வளவும் தெரிஞ்ச நான்தான் ரெண்டு வருசம் முன்னாடி தப்புப் பண்ணினேன். பங்குனியில கோயில் கிடா வெட்டு. திருப்பூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு, வெட்டுன சூடு ஆறாத கறி ரெண்டு கிலோவை கேரி பேக்ல இறுக்கிக் கட்டி மாப்பிள்ளை கையில கொடுத்துட்டேன். ஆறு மணி நேரப் பயணம், அந்த வெயில்ல. மறுநாள் பேத்திக்கு வாந்தி, பேதி. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துனாங்க.

மக பிற்பாடுதான் சொன்னா. "லேசா வாடை வந்துச்சுப்பா. நீங்க ஆசையா அனுப்புனதைக் கொட்ட மனசு வரல."

அதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கல.

இந்த வருசம் கறியை யார் கையிலயும் கொடுத்துவிடல. உப்புக்கண்டம் போட்டு, அஞ்சு வெயில் காயவச்சு, நானே டப்பாவில கொண்டுபோனேன். மக மூடியைத் திறந்து மோந்து பார்த்தா. அப்புறம் ஒரு துண்டை எடுத்து ஒடிச்சா. படக்குனு ஒடிஞ்சுச்சு.