வாடைக்காற்றில் ஒரு மெழுகுவர்த்தி

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் தூத்துக்குடியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், மெழுகுவர்த்தி ஏற்றுவது லேசான காரியம் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். மழை விட்டாலும் வாடைக்காற்று விடாது. ஒருவர் ஏற்ற, இன்னொருவர் கையைக் குவித்து மறைக்க, ஃபாதர் மந்திரித்துக்கொண்டு அந்த வரிசைக்கு வருவதற்குள் பாதித் திரி அணைந்திருக்கும். எங்கள் தாத்தா கல்லறையில் மட்டும் சுடர் நிமிர்ந்து நிற்கும். அத்தை செய்த விளக்குக் கூடுகள்தான் காரணம்.

அத்தைக்குத் தொழில் தையல். அக்டோபர் பிறந்ததும் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு முற்றத்தில் சாக்கை விரித்துவிடுவார். அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் யாரும் காலி பாட்டிலைத் தூக்கிப்போட மாட்டார்கள். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், பால்பவுடர் டப்பா எல்லாம் அத்தை வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். காசு கொடுத்து வாங்குவது ஃபெவிகால், பட்டம் ஒட்டும் தாள், உப்புத்தாள், கட்டுக்கம்பி, ஒரு பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அவ்வளவுதான். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் நான் அவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் போனேன். எனக்கு ஆசை அலங்காரத்தில். அத்தை முதலில் என் கையில் கொடுத்தது தீப்பெட்டி.

ஒரே அளவில் நறுக்கிய மெழுகுவர்த்தித் துண்டுகளை வெவ்வேறு பாட்டில்களுக்குள் நிறுத்தி ஏற்றச் சொன்னார். “ஒண்ணும் செய்யாத. பாத்துக்கிட்டே இரி” என்றார். வாய் அகலமான ஜாம் பாட்டிலில் சுடர் அமைதியாக எரிந்தது. கழுத்து ஒடுங்கிய பாட்டிலில் ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுடர் நீண்டது, நுனி செம்மஞ்சளாக மாறித் துடித்தது, அதன் உச்சியிலிருந்து நூல் போலக் கரும்புகை கிளம்பிக் கழுத்தின் உட்புறத்தில் மை பூசியது. அப்புறம் சுடர் திரியோடு ஒட்டிச் சிறுத்து அணைந்தது.

“வெந்த காத்து மேல போற வாசல்லதான் புதுக்காத்தும் உள்ள வரணும். வாசல் சின்னதா இருந்தா ரெண்டும் முட்டிக்கிடும்லா?” அத்தை நடத்திய பாடம் இவ்வளவுதான். புகை என்பது முழுதாக எரியாமல் போன கரி. கூட்டுக்குள் கரி படிகிறதென்றால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். விரல்களைச் சேர்த்து வைத்த கை தாராளமாக நுழையாத பாட்டிலை அவர் தொடவே மாட்டார். சுடரின் நுனி பாட்டில் விளிம்புக்குக் கீழே இரண்டு, மூன்று விரற்கடை இருக்க வேண்டும். அதைவிட மேலே வந்தால் காற்று அடித்துவிடும், ரொம்ப ஆழத்துக்குப் போனால் மூச்சு முட்டும். தகர டப்பா என்றால் அடியில் ஒரு வரிசை துளை கட்டாயம். கீழ்வழியாகக் காற்று ஏறினால் மேல்வாசல் சண்டையே கிடையாது.

அலங்காரம் என்றால் பூவும் ஜிகினாவும் என்று நினைத்துப் போனவள் நான். மெழுகுவர்த்திக் கூடு எதுவானாலும் அது முதலில் காற்றை அளந்துவிடுகிற ஒரு பாத்திரம் என்பது அந்த முற்றத்தில்தான் புரிந்தது. கடைகளில் பிளாஸ்டிக் பூவும் தெர்மாகோலும் சுற்றி ஒட்டி, நடுவில் மெழுகுவர்த்திக்கு ஒரு குழி விட்டு விற்கிறார்களே, அவற்றைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. சுடரை மறந்துவிட்டுச் செய்த பொருள் அது. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் அதை வாங்கவே கூடாது.

அடுத்தது மணல். எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண் மணல் மாவு போல நைசாக இருக்கும். அதை வெயிலில் காயவைத்துச் சலித்து, பாட்டிலுக்கு அடியில் மூன்று விரற்கடை கொட்டுவோம். மணல் பல வேலை செய்கிறது. காற்றில் சாயாதபடி கனம் கொடுக்கிறது, மெழுகுவர்த்தியை நடுவில் நேராகப் பிடிக்கிறது, கடைசித் துண்டு எரியும்போது வருகிற சூட்டைக் கண்ணாடி அடிப்பாகத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். உள்பக்கம் சூட்டில் விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருந்தால் இழுபறியில் விரிசல் விடும். சுடர் ஒரு பக்கச் சுவரை நக்கினாலும் ஆபத்து, சூடான கண்ணாடியில் மழைத்துளி விழுந்தாலும் ஆபத்து. நவம்பரில் மழைத்துளிக்குப் பஞ்சமா? அதனால்தான் மெழுகுவர்த்தி அச்சாக நடுவில் நிற்க வேண்டும் என்பதில் அத்தை அவ்வளவு கறார். மணலுக்கும் மெழுகுக்கும் இடையில் ஒரு சோடா மூடியைக் கவிழ்க்காமல் பதித்து வைப்போம். உருகிய மெழுகு நேரே மணலில் ஊறினால் மணலே திரி மாதிரி பற்றிக்கொள்ளக்கூடும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தகர டப்பா. வெறும் டப்பாவை ஆணியால் அடித்தால் உள்ளே சொட்டை விழுந்து கோணிப்போகும். அதற்கு அத்தை செய்வது, டப்பாவில் இரண்டு விரற்கடை குறைய தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவது. காலையில் உள்ளே கல் போலப் பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அதனால் டப்பாவின் அடி கொஞ்சம் புடைத்திருக்கும். வேலை முடிந்தபின் சுத்தியலால் தட்டினால் உட்கார்ந்துவிடும். படத்தைத் தாளில் வரைந்து, துளை வரவேண்டிய இடத்தில் எல்லாம் புள்ளி வைத்து, டப்பாவைச் சுற்றி ஒட்டி, மடித்த பழைய துண்டின் மேல் படுக்கவைத்து அடிக்க ஆரம்பிப்போம்.

ஆணி தகரத்தைக் கிழிக்கும்போது ஒரு ‘டக்’. பனிக்கட்டிக்குள் இறங்கும்போது அந்தச் சத்தம் மாறி ‘சுக்’கென்று மங்கும். அந்த இரண்டாவது சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் ஆணியைப் பிடுங்குவது பெரும்பாடு. சின்ன ஆணியால் கோடு வரும், பெரிய ஆணியால் அந்தக் கோட்டுக்கு முனை வரும். சிலுவை, நட்சத்திரம், மீன், நங்கூரம் என்று அத்தை நிறைய படம் வைத்திருந்தார். துளையோடு துளை நெருங்கினால் தகரம் கிழிந்து ஒன்றாகிவிடும் என்பதால் நெல்மணி அளவாவது இடைவெளி விடச் சொல்வார். கை மரத்துப்போகும், பனிக்கட்டி உருகுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஒரே மூச்சில் வேலை நடக்கும். முடித்ததும் துடைத்து வெயிலில் வைப்பது மிக முக்கியம். தகர டப்பா என்பது வெள்ளீயம் பூசிய இரும்பு. துளை போட்ட இடத்தில் பூச்சு போய் இரும்பு வெளியே தெரியும். கடற்காற்றுக்கு அது போதும், சீக்கிரமே துரு ஏறிவிடும். காய்ந்ததும் வெளிப்பக்கம் மட்டும் இரண்டு கை பெயின்ட் அடிப்போம். முதல் தடவை மொட்டைமாடியில் ஏற்றி, பெயின்ட் வாடை போனபிறகுதான் வீட்டுக்குள் வரும்.

கண்ணாடிக்கு வருவோம். லேபிளைக் கிழித்தபின் தங்குகிற பசை எந்தச் சோப்புக்கும் போகாது. தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துப் பூசி ஊறவிட்டுத் தேய்த்தால் உரிந்து வரும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கு போக நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தாள் பிடிக்காது. ஃபெவிகாலில் பாதியளவு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் கண்ணாடியில் தடவி, பட்டத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டி, மேலே இன்னொரு தடவை அதையே தடவுவோம். கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு கோடாகத் தெரியும். கையால் கிழித்தால் நார் பிரிந்து, ஒரு துண்டு இன்னொன்றில் கரைந்த மாதிரி சேரும். மலிவான பட்டத்தாளில் சாயம் கசியும் என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். அத்தை அதை வேண்டுமென்றே பயன்படுத்துவார். மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்து, ஈரப் பிரஷ்ஷால் ஒரே ஒரு இழுப்பு. இடையில் ஆரஞ்சு தானாகப் பிறக்கும். உள்ளே விளக்கு ஏற்றியதும் அந்த ஆரஞ்சுதான் முதலில் கண்ணுக்குப் படும். ஃபெவிகால் வெள்ளையாக இருந்து காய்ந்தால் தெளிவாகிவிடும். எங்காவது பால் நிறம் மிச்சமிருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், மழைநாளில் அதற்கு ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும்.

தாள் எப்போதும் வெளிப்பக்கம்தான், உட்பக்கம் ஒரு துண்டுகூடக் கூடாது. பாட்டிலின் மேல்விளிம்பில் இரண்டு விரற்கடை தாள் இல்லாமல் வெறுமையாக விடுவோம், அதிகச் சூடு அங்கேதான். ஃபெவிகாலும் சரி, துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவியில் உருக்கி ஒட்டுகிற ‘ஹாட் குளூ’வும் சரி, சூடு பட்டால் இளகுகிற சாமான்கள். அதனால் விளிம்பில் எதையாவது பிடிக்க வேண்டுமானால் கட்டுக்கம்பிதான். கழுத்தைச் சுற்றி இறுக்கி, குறடால் முறுக்கி, அதிலேயே தூக்குப்பிடியும் வளைத்துவிடுவோம்.

உப்பு ஊரில் இருந்துகொண்டு உப்பை விடுவோமா? கண்ணாடியில் ஃபெவிகால் தடவி உப்பில் உருட்டினால் பனி படிந்த மாதிரி ஆகும், வெளிச்சம் ஒவ்வொரு பரலிலும் உடைந்து மினுங்கும். கிறிஸ்துமஸ் கூடுகளுக்கு அதுதான் எல்லோரும் கேட்பது. அதற்கு உப்பளத்துக் கல் உப்பை எடுக்கப் போனேன், அத்தை தடுத்துவிட்டார். சுத்திகரிக்காத உப்பில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் இருக்கும்; அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மார்கழிக் காற்றில் பாட்டில் அழ ஆரம்பித்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கிற பேதி உப்புக்கு, அதாவது மக்னீசியம் சல்ஃபேட்டுக்கு, அந்தக் குணம் அவ்வளவு கிடையாது. அதன் பரலும் நீளவாக்கில் ஊசியாக இருப்பதால் மினுக்கமும் கூடுதல். காய்ந்தபின் மேலே வார்னிஷ் ஒரு பூச்சு.

அடிப்பீடத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தண்ணீர் ஒரு பங்கு என்றால் பொடி சுமார் இரண்டு பங்கு. பொடி மேலே தீவுத்தீவாக நின்றதும் கலக்கி, எண்ணெய் தடவிய கிண்ணத்தில் ஊற்றிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் கிண்ணம் கையில் சுடும். இறுகும்போது அது தானே சூட்டை விடும். சூடு ஏறுவதற்கு முன்னால் சிப்பிகளைப் பதித்துவிட வேண்டும். சிப்பி விஷயத்தில் அத்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அலை ஒதுக்கித் தேய்ந்து உடைந்துபோன சில்லுகளை மட்டும்தான் பொறுக்குவோம். சில சங்கு, சிப்பி இனங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, உயிருள்ளதை எடுத்து அலங்காரம் செய்வதில் என்ன அழகு என்று அவர் கேட்பார், எனக்கும் அதே எண்ணம்தான். கிண்ணத்தில் மிஞ்சிய பிளாஸ்டரைத் தொட்டியில் கழுவிவிடக் கூடாது, குழாய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். காயவிட்டு உதிர்த்து எடுப்போம்.

கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் காலை கூடுகளைத் திரும்ப எடுத்துவருவதும் வேலையில் சேர்த்திதான். எது அணைந்தது, எது முழுதாக எரிந்து தீர்ந்தது, எதில் கரி, எதில் விரிசல் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து அத்தை தனித்தனியாக அடுக்குவார். அடுத்த வருஷத்துக்கான பாடம் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. கடல்பக்கம் பார்த்த வரிசையில் வாய் அகலம் மிகையானவை அணைந்திருந்தன. அடியில் துளை போட்ட டப்பாக்கள் ஏறக்குறைய எல்லாமே கடைசிவரை எரிந்திருந்தன. ஆனால் அந்தத் துளைகள் ஈரமண்ணில் புதைந்துவிட்ட ஒரு டப்பாவில் மெழுகு பாதியிலேயே நின்றிருந்தது. அதிலிருந்து டப்பாக்களுக்கு அடியில் மூன்று சோடா மூடிகளை ஒட்டிக் கால் வைக்கிறோம்.

அது முடிந்த கையோடு திருவருகைக் காலம் வந்துவிடும். பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிற வளையத்துக்கு நான்கு கூடுகள் வேண்டும், மூன்று ஊதா, மூன்றாவது ஞாயிறுக்கு மட்டும் இளஞ்சிவப்பு. போன முறை அந்த நான்கையும் என்னிடமே விட்டுவிட்டார். ஊதாத் தாள் வெளிச்சத்தை நிறைய விழுங்கும் என்பதால் ஒரே அடுக்குதான் ஒட்டினேன். பார்த்துவிட்டு, “ஏட்டி, இது நிக்கும்” என்றார். சாயத்தைப் பற்றியோ ஒட்டியதைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கார்த்திகைக்கு அகல்விளக்கு மறைக்க ஒரு கூடு கேட்டிருக்கிறார். மாடிச் சுவரில் வைத்தால் ஒரு விளக்கும் நிற்கவில்லையாம். எண்ணெய்ச் சுடர் தாழ்வாக, அகலின் ஒரு ஓரத்தில் எரிவது; பாட்டிலுக்குள் இறக்கினால் திரி தூண்டக் கை போகாது. பால்பவுடர் டப்பாவை நெடுக்காகப் பாதியாக வெட்டி, முதுகைக் காற்றுப் பக்கம் திருப்பி, முதுகில் துளைக்குப் பதிலாகச் சாய்வான சின்னக் கீறல்கள் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். வெட்டிய ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தட்டிவிடு, சின்னப் பிள்ளைகள் தொடுவார்கள் என்றார் அத்தை. இரண்டு டப்பாக்கள் இப்போது ஃபிரீசரில் இருக்கின்றன.